எருக்கலை இலைக் கலர்

கல்யாணம் நிச்சயமான மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. எல்லோரும் சுவரைப் பார்த்தே பேசினார்கள்.

காரணம், அருப்புக்கோட்டையில் எங்கள் ஓட்டு வீட்டைப் பிரித்துக் கட்டியபோது மாடியில் எழும்பி நின்ற புது ரூம். பத்துக்குப் பன்னிரண்டு. அதை 'பெட்ரூம்' என்று சொல்ல வீட்டில் எல்லோருக்கும் கூச்சம். அம்மா 'மேல் ரூம்' என்றாள். அப்பா 'அந்த ரூம்' என்றார். மாமா மட்டும் தெருக்கோடி டீக்கடைக்குக் கேட்கிற மாதிரி 'மாப்ள பெட்ரூம்' என்றார். அவருக்கு எதிலுமே ஒளிவுமறைவு கிடையாது.

பூச்சு வேலை முடிந்து, லப்பம் வைத்து, பிரைமரும் அடித்தாயிற்று. கலர் ஒன்றுதான் பாக்கி. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஆபீஸில் கணக்குப் பார்க்கிறவனுக்கு இப்படித்தான், எல்லாமே கூட்டினால் சரியாக வந்துவிடும் என்று ஒரு நினைப்பு.

சிக்கல் மரத்தில் இருந்தது. நிலை, கதவு, ரெண்டு சன்னல் எல்லாமே மாமா காரைக்குடிக்குப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தவை. அங்கே முனீஸ்வரன் கோயில் தெரு என்று ஒன்று இருக்கிறது. பிரிக்கிற செட்டிநாட்டு வீடுகளின் சாமான்கள் எல்லாம் அந்தத் தெருவுக்குத்தான் வந்து சேரும். பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, யாரோ ஒரு ஆச்சியின் முகம் பார்க்கும் கண்ணாடி, தூண், கதவு... நகரத்தார் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில் கப்பலேறி வந்த தேக்கு. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததோடு அந்த வியாபாரம் படுத்துவிட்டது. மரம் படுக்கவில்லை. எனக்கு வயது முப்பது. என் சன்னலுக்கு நூறை நெருங்கியிருக்கும்.

"பர்மா தேக்குடா மாப்ள! தட்டிப் பாரு, வெண்கலம் மாதிரி சத்தம் வரும்" என்றார் மாமா. தட்டினேன். மரத்தைத் தட்டிய சத்தம் வந்தது.

ஆசாரி பழைய வார்னிஷைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்துத் துணிப்பந்தால் ஒற்றி ஒற்றி பிரெஞ்சு பாலிஷ் போட்டார். ஒரு சன்னலுக்கு மட்டும் கூடுதலாக ரெண்டு நாள் எடுத்துக்கொண்டார். ஏன் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. முடித்துப் பார்த்தபோது மரம் தேனுக்கும் கருப்பட்டிக்கும் நடுவில் ஒரு கலரில், உள்ளுக்குள் லேசாகச் சிவந்து மினுங்கியது. ஆசாரி வாசலில் நின்றுகொண்டு சொன்னார்: "தம்பி, இதுமேல ஒரு சொட்டு பெயின்ட் பட்டாலும் நான் இந்தத் தெருப்பக்கம் வர மாட்டேன்."

ஆக, மரம் முடிவாகிவிட்டது. சுவர்தான் இனி அதற்கு ஒத்துப் போக வேண்டும். (புது மாப்பிள்ளைக்கும் இதே நிலைமைதான் என்று ஆபீஸில் சொன்னார்கள்.)

தாத்தா காலத்தில் இந்தத் தொல்லையே கிடையாது. பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல்லுக்குப் பஞ்சமில்லை. சுட்ட சுண்ணாம்பை வாங்கி வந்து தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் கொதகொதவென்று கொதிக்கும். ஆறினதும் சிட்டிகை நீலம், மட்டையால் ரெண்டு தடவை. பொங்கலுக்குப் பொங்கல் தெருவே வெள்ளை. 'உங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?' என்று தாத்தாவை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பயந்திருப்பார்.

எனக்கு வாய்த்தது கம்ப்யூட்டர் கலக்குகிற கடை. கவுன்ட்டரில் தலையணை கனத்துக்கு ஷேடு புத்தகம். பெயர்களைப் படித்தால் பசியெடுத்தது. பாதாம், பிஸ்தா, தேன், ஐஸ்கிரீம், கேரட். நம்பரைச் சொன்னால் மிஷின் வெள்ளை பெயின்ட்டில் சொட்டுச் சொட்டாகச் சாயம் விட்டு, டப்பாவைக் குலுக்கிக் கொடுத்துவிடும். "ஆயிரத்துக்கு மேல ஷேடு இருக்கு சார்" என்றார் கடைப் பையன் பெருமையாக. ரெண்டு இருந்திருந்தால் எனக்கு உபகாரமாக இருந்திருக்கும்.

பெயின்டர் அண்ணன், "பெட்ரூம்னா இப்ப எல்லாரும் வயலட்டுதான் சார். ஒரு சுவத்துல மட்டும் டார்க்கா போட்ருவோம், சினிமா செட்டு மாதிரி இருக்கும்" என்றார். அம்மா, "சந்தனக் கலர் அடிங்க, அழுக்குத் தெரியாது." மாமா, "பச்சை. ஆனா எந்தக் கட்சிப் பச்சையாவும் இருக்கக் கூடாது." நிச்சயமான பெண்ணுக்கு நாலு ஷேடைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவள் திருச்சுழிக்காரி. ரமணர் பிறந்த ஊர் அது, பேச்சு குறைவு. 'ம்' என்று பதில் வந்தது. நாலுக்கும் சேர்த்து ஒரே 'ம்'.

அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் ஆச்சரியம். ஏனென்றால் எங்கள் தெருவில் கலரைப் பற்றிப் பேச யோக்கியதை உள்ள ஒரே ஆள் அவர்தான். சாயப்பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் சாயம் போட்டவர். சேலைக்கு வருகிற நூலைச் சிட்டம் சிட்டமாகத் தொட்டியில் முக்கி எடுப்பது அவர் வேலை. நான் சின்னப் பையனாக இருந்தபோது அவர் கையைப் பார்த்தே இன்றைக்குப் பட்டறையில் என்ன ஓடியது என்று சொல்லிவிடுவேன். முழங்கை வரை நீலம், இல்லாவிட்டால் அரக்கு. சோற்றைப் பிசைகிற கை கிளிப்பச்சையாக இருந்த நாள்கூட உண்டு.

அவரிடம் நம்பர் கிடையாது, பெயர்தான். மயில் கழுத்து, ஆனந்தா நீலம், வாடாமல்லி, பாக்குக் கலர், பொடிக் கலர், மாம்பழ மஞ்சள். முக்கின நூலைப் பட்டறைக்குள் வைத்துப் பார்க்க மாட்டார். வெளியே வேப்பமர நிழலுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்ப்பார். "டியூப் லைட்ட நம்பாதப்பா. ரெண்டு நூலு உள்ள ஒண்ணு போல தெரியும். வெளிய கொண்டாந்தா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இருக்காது" என்பார்.

நான்தான் வற்புறுத்திக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "வெங்காயச் சருகு" என்றார். மறுநாள் காலையில் அம்மா அரிந்துபோட்ட வெங்காயத்தின் தோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். பையன் அதை வாங்கிப் புத்தகத்தில் வைத்து வைத்துப் பார்த்தான். "சார், இந்த மாதிரி சாம்பிளோட யாரும் வந்ததில்ல" என்றான். நம்பர் கிடைத்தது.

மொத்தமாக வாங்காமல் நாலு சின்ன டப்பா வாங்கி வந்து, நிலையை ஒட்டி ரெண்டடிக்கு ரெண்டடி நாலு கட்டம் அடிக்கச் சொன்னேன். வெங்காயச் சருகு, சந்தனம், வெள்ளை, இளம் வயலட். அட்டையில் ஒரு இஞ்சு பார்ப்பதும் சுவரில் பார்ப்பதும் வேறு வேறு. அட்டையில் சாதுவாக இருக்கிற கலர் சுவர் முழுக்க ஏறினதும் கூச்சல் போட ஆரம்பித்துவிடும்.

மூன்று நாள் காலை, மத்தியானம், ராத்திரி என்று போய்ப் போய்ப் பார்த்தேன். வினோதமாக இருந்தது. வெறும் வெள்ளை, மரத்துக்குப் பக்கத்தில் லேசாக நீலம் தட்டியது; ஆஸ்பத்திரி வாடை வந்தது. அதன் பக்கத்தில் மரம் செக்கச்செவேல் என்றிருந்தது. சந்தனமோ நேர் எதிர். மரத்தோடு ஒட்டிக்கொண்டு, நூறு வருஷத் தேக்கை அழுக்குப் பட்டை மாதிரி ஆக்கிவிட்டது. வயலட்டுக்கு மரம் மஞ்சளாகப் பல்லிளித்தது. மரம் ஒன்றுதான். சுவர் மாற மாற மரமும் மாறுகிறது!

ஆபீஸில் மேனேஜர் இல்லாத நேரத்தில் இதை நோண்டிப் பார்த்தேன். பாரீஸில் கோபெலான் என்று அரசாங்க நெசவுக்கூடம். அங்கே 1824-ல் சாயப் பிரிவுக்குத் தலைவராக வந்தவர் ஷெவ்ரல் என்ற ரசாயனக்காரர். வந்தவுடனே அவரிடம் புகார்: கறுப்பு நூல் சரியில்லை, நீலத்துக்கும் வயலட்டுக்கும் பக்கத்தில் நெய்தால் மங்குகிறது. மனுஷர் சாயத்தைச் சோதித்தார். சாயத்தில் குற்றமே இல்லை. பக்கத்து நூலின் கலர்தான் கண்ணை ஏமாற்றுகிறது! எந்தக் கலரும் தனக்கு எதிர்க் கலரைப் பக்கத்துவீட்டுக்காரன் மேல் கொஞ்சம் பூசிவிடுகிறது. மரத்துக்குள் ஒளிந்திருக்கிற ஆரஞ்சுக்கு எதிரி நீலம். அதனால்தான் என் வெள்ளைச் சுவர் நீலித்தது. அவர் இதை வைத்து 1839-ல் பெரிய புத்தகமே போட்டார். நூற்றிரண்டு வயது வரை இருந்தாராம். கலர் தேர்ந்தெடுக்கச் சொல்லி அவரை யாரும் கஷ்டப்படுத்தவில்லை போலிருக்கிறது.

ராத்திரி இதை அப்பாவிடம் பிரமாதமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்கு பாரீசுக்கு ஏன்ப்பா போகணும்?" என்றார். "நிலைதான் கரை. சுவருதான் உடலு. கரை கெத்தா நிக்கணும்னா உடலு கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருக்கணும். ரெண்டும் பேசுச்சுன்னா சேலை சண்டை போடும். அதுக்காக ஒரேயடியா ஒட்டியும் போகக் கூடாது. கரை எங்க முடியுதுன்னே தெரியாது."

"அப்ப மேல வந்து பாத்துச் சொல்லுங்கப்பா."

"பாப்போம் பாப்போம்" என்று நழுவினார். நாலு நாள் நழுவினார். முகூர்த்தம் தை மாதம். ஐப்பசி மழை வேறு இடையில் புகுந்து, காய வேண்டிய சுவரைக் காயவிடாமல் அடித்தது. எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனேன். மாடிப்படியில் சுவரைத் தடவிக்கொண்டே ஏறினார். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு கட்டத்தையும் பார்த்தார். கிட்டே போனார். தள்ளி வந்தார்.

"எல்லாமே மஞ்ச தட்டுதேப்பா. இந்த மூணாவது என்ன, இப்பிடிப் பழுப்பா அடிச்சு வச்சிருக்கான்? கடைசியில இருக்கிறது சிமெண்ட் கலரா?"

மூன்றாவது வெள்ளை. கடைசி வயலட். ஏணியில் நின்றிருந்த பெயின்டர் சிரித்துவிட்டார். "அது ஒயிட்டுங்கய்யா!" கூட இருந்த பையனும் சிரித்தான்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. "அப்பா, தெரியலேன்னா சும்மா இருங்க. வெள்ளையைப் போயி பழுப்புன்னு... வேலையாளுக முன்னாடி மானத்தை வாங்காதீங்க!" என்று கத்திவிட்டேன்.

அப்பா பதில் பேசவில்லை. மூன்றாவது கட்டத்தை விரலால் தொட்டார், ஈரம் பார்க்கிற மாதிரி. "வெள்ளையா?" என்றார் மெதுவாக. "சரிப்பா" என்று சொல்லிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே கீழே இறங்கிப் போனார்.

அன்று ராத்திரி அவர் படுத்த பிறகு அம்மா அடுப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"மூச்சு முட்டுதுன்னுதான் பட்டறைய விட்டாகன்னு நெனச்சிக்கிட்டு இருக்கியா? ஒரு லாட்டு நூலு அப்பிடியே திரும்பி வந்துச்சு. மயில் கழுத்து கேட்டா கரும்பச்சையா போட்டுக் குடுத்திருக்காக. மொதலாளி ஒண்ணும் சொல்லல. இவுகளே கணக்கை முடிச்சிட்டு வந்துட்டாக. ரெண்டு வருசமாச்சு. இப்ப சட்டையக்கூட நான்தான் எடுத்துக் குடுக்கேன்."

"எங்கிட்ட ஏன்ம்மா சொல்லல?"

"கல்யாணச் செலவு இருக்குல்ல, அது முடியட்டும்னு சத்தியம் வாங்கிட்டாக. வெங்காயச் சருகுன்னு சொன்னாகளே, அது கண்ணால பாத்தா சொன்னாக? நெனப்புல இருந்து சொன்னாக."

நான் மாடிக்குப் போய் லைட் போடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இருட்டில் நாலு கட்டமும் ஒரே கலராகத்தான் இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு அப்பாவை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் ரெண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. மன்னிப்புக் கேட்கிற வழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் இல்லை. வழியில் பனங்கிழங்கு வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அதோடு தீர்ந்தது.

போன இடம் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 58 வயதில், 1976-ல் பதினொரு படுக்கையோடு ஆரம்பித்தது. முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களை வைத்துக்கொண்டு கண் ஆபரேஷன் செய்தவர் அவர். அப்பாவுக்கு இந்தக் கதை முன்பே தெரிந்திருந்தது. "கையே ஒத்துழைக்காம அம்புட்டு நுணுக்க வேலை செஞ்சிருக்காரு பாரு" என்றார். தொழில்காரனுக்குத் தொழில்காரன் மேல் வருகிற மரியாதை.

ரெண்டு கண்ணிலும் புரை. கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் மெள்ள மெள்ளப் பழுத்துப் பழுப்பாகிவிட்டதாம். நீல வெளிச்சத்தை அது உள்ளே விடாது. வெள்ளை மஞ்சளாகும், நீலம் பச்சையாகவோ கறுப்பாகவோ மங்கும். வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் பலருக்குத் தெரியவே தெரியாது. உலகம்தான் அழுக்காகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். அப்பாவுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. நூல் காட்டிக்கொடுத்துவிட்டது.

முதலில் வலது கண். பழைய லென்ஸை எடுத்துவிட்டு உள்ளேயே சின்னதாக ஒரு லென்ஸ் வைத்தார்கள். ஒரு காலத்தில் இந்த லென்ஸ் வெளிநாட்டுச் சரக்கு, விலையைக் கேட்டாலே கண் இருட்டும். அரவிந்த்காரர்கள் 1992-ல் ஆரோலேப் என்று ஆரம்பித்து மதுரையிலேயே தயாரித்த பிறகுதான் அது நம்மைப் போன்றவர்கள் கைக்கு எட்டியது. இன்னொரு கண்ணுக்குக் கொஞ்ச நாள் கழித்து வரச் சொன்னார்கள்.

கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினோம். அருப்புக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பூக்காரம்மா கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டு மல்லிகையைப் பார்த்தார். இடது கண்ணை மூடினார். வலது கண்ணை மூடினார். மறுபடி இடது.

"இந்தக் கண்ணுக்கு வெள்ளை. அந்தக் கண்ணுக்கு இன்னும் பழுப்பு" என்றார். பிறகு மேலே பார்த்தார். "வானம் இம்புட்டு நீலமாவா இருந்துச்சு? எவனோ சாயத்தைக் கூடக் கொட்டிட்டான்."

பிரான்ஸில் மோனே என்ற பெரிய ஓவியரும் 1923-ல் ஒரு கண்ணில் மட்டும் இந்த ஆபரேஷன் செய்துகொண்டு, எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று புலம்பினாராம். அப்பா புலம்பவில்லை. தெருவில் போகிற சேலை ஒவ்வொன்றையும் கண்ணை மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டு வந்தார். எதிரில் வருகிறவர்கள் கண்ணடிக்கிறார் என்று நினைத்துவிடப் போகிறார்களே என்று எனக்குத்தான் பயம்.

டாக்டர் சொன்ன நாளெல்லாம் தாண்டியதும் ஒருநாள் அவராகவே மாடிக்கு வந்தார். சுவரைத் தடவவில்லை. காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, மேற்கு வெயில் சன்னல் வழியாக விழுகிற நேரத்தில் ஒரு தடவை.

"வெங்காயச் சருகு வேணாம்ப்பா" என்றார். "அதுல இருக்கிற சிவப்பும் மரத்துல இருக்கிற சிவப்பும் ஒரே சாதி. சாயங்கால வெயில்ல ரெண்டும் கலந்து மங்கிப் போயிரும். செவப்பு மரத்துக்கு எதிர்ல பச்சை இருக்கணும். அதுக்காக கிளிப்பச்சை அடிச்சிராத. சாம்பல் தட்டின பச்சை... இரு வர்றேன்."

கீழே இறங்கிப் போனவர் கால் மணி கழித்து, ரோட்டோரத்திலிருந்து பறித்த எருக்கலை இலையோடு வந்தார். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை நிலைக்குப் பக்கத்தில் பிடித்தார். வெள்ளை மாவு பூசின மாதிரி ஒரு பச்சை. மரம் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்கு அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அம்மா கீழிருந்தே கத்தினாள். "கல்யாண வீட்டுக்குள்ள எருக்கலையா! வெளங்கும்!"

"பிள்ளையாருக்கு மாலை கட்டுற செடிதான?" என்றார் அப்பா. அம்மா அடங்கிவிட்டாள். இலையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பையன் என்னைப் பார்த்ததும், "போன தடவை வெங்காயம். இன்னைக்கு என்ன சார்?" என்றான். கூரைக்கு மட்டும் லேசாக மஞ்சள் கலந்த வெள்ளை. லைட்டும் அப்பா யோசனைதான். நீல வெளிச்சம் அடிக்கிற எல்.இ.டி. வேண்டாம், பழைய குண்டு பல்பு மாதிரி மஞ்சள் வெளிச்சம் தருகிறதாகப் பார்த்து வாங்கு என்றார். அதில் ராத்திரி தேக்கு தேன் மாதிரி இருக்கிறது.

சீராக வந்த கட்டிலும் பீரோவும் இந்த நியாயங்களுக்கெல்லாம் கட்டுப்படாத கலர். அதைப் பற்றிப் பேசக்கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

கல்யாணம் முடிந்து முதல் தடவை அந்த ரூமுக்குள் வந்த திருச்சுழிக்காரி, சன்னலைத் திறந்தாள். சுவரைப் பார்த்தாள். "எருக்கலை இலை மாதிரி இருக்குதுங்க" என்றாள். நான் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை, சத்தியமாக. கரிசல்காட்டில் பிறந்தவளுக்கு நம்பர் எதற்கு?

பங்குனியில் அப்பாவுக்கு இடது கண்ணும் ஆயிற்று. வந்ததும் ரெண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு ரூமைப் பார்க்க மாடிக்கு வந்தார். சுவரைச் சுற்றிப் பார்த்தார், தலையாட்டினார். நிலையைப் பார்த்தார். முதல் சன்னலைப் பார்த்தார். ரெண்டாவது சன்னலில் நின்றுவிட்டார். கிட்டே போய் நகத்தால் ஓரத்தில் லேசாகச் சுரண்டினார்.

"இது தேக்கு இல்லப்பா" என்றார். "வேற ஏதோ மரம். சாயம் போட்டு, மேல பாலிஷ் ஏத்தி, தேக்கு மாதிரி ஆக்கியிருக்கான். சும்மா சொல்லக் கூடாது... ஆசாரி நல்லா சாயம் போட்ருக்கான்."

மாமாவிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை. இப்போதும் வருகிறவர்களையெல்லாம் மாடிக்குக் கூட்டிவந்து அதே சன்னலைத்தான் தட்டிக் காட்டுகிறார். அவர் இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.